காலிச் சிலிண்டரிலும் 30 காட்டிய முள்: ஸ்கூபா அழுத்தமானிகளைச் சோதித்த பதிவு

புதுச்சேரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் ஸ்கூபா கருவிகளில் அழுத்தமானிகளை மட்டும் தனியே எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, பழுது பார்த்து, தேறாதவற்றைக் கழித்துக்கட்டிய வேலையின் பதிவு இது. வடகிழக்குப் பருவமழையில் கடல் கலங்கிப் படகு போகாத நாட்கள்தான் இதற்கு வாய்த்த நேரம்.

இந்த வேலையைத் தொடங்க வைத்தது ஒரு பித்தளை மானி. சிலிண்டர் வால்வை மூடி, சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைச் சுவாசிக்கத் தகுந்த அளவுக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் மிச்சமிருந்த காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகும் அதன் முள் 30 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றது. கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்பவரிடம் காட்டினேன். "அது எப்போதும் அங்கேதான் நிற்கும் சார். 30-ஐக் கழித்துக்கொண்டு படியுங்கள், சரியாக வரும்" என்றார். அவர் அனுபவசாலி. அந்த மானியை மாட்டிக்கொண்டு பலர் கடலில் இறங்கி ஏறியதைப் பார்த்தவர். இருந்தாலும், கழித்தால் சரியாக வருமா என்பதை அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதுகில் இருக்கும் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று நீருக்கடியில் நமக்குச் சொல்ல இந்த ஒரு முள்ளை விட்டால் வேறு ஆள் இல்லை.

மானிக்குள் இருப்பது போர்டன் குழாய். பிரான்ஸைச் சேர்ந்த யூஜின் போர்டன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. தட்டையாக்கிய மெல்லிய உலோகக் குழாயைச் சுருளாக வளைத்து ஒரு முனையை அடைத்துவிடுவார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் சுருள் விரியப் பார்க்கும். அந்தச் சிறு அசைவே முள்ளைத் திருப்புகிறது. மின்கலம் கிடையாது, மின்னணுப் பாகம் கிடையாது. அதனாலேயே இந்த வகை மானி கெடவே கெடாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. உண்மையில் அது கெடுகிறது. ஆனால் கெட்டதைச் சொல்லாமல் கெடுகிறது. ஆழத்தையும் நேரத்தையும் மணிக்கட்டில் காட்டும் டைவ் கம்ப்யூட்டரில் மின்கலம் தீர்ந்தால் அதன் திரை அணைந்துவிடும், உடனே தெரிந்துகொள்கிறோம். முள் மட்டும் எதையாவது காட்டிக்கொண்டே இருக்கும்.

சோதனை மேடைக்கு முதலில் தேவைப்பட்டது நம்பத்தகுந்த ஒரு மூல மானி. 0 முதல் 250 பார் வரை காட்டும், 0.6 துல்லிய வகுப்பைச் சேர்ந்த பெரிய முகப்பு மானி ஒன்றை வாங்கி, அங்கீகாரம் பெற்ற அளவீட்டு ஆய்வகம் ஒன்றில் சரிபார்த்துச் சான்றிதழோடு பெற்றேன். வகுப்பு 0.6 என்றால் முழு அளவில் 0.6 சதவீதம், அதாவது எந்த இடத்திலும் 1.5 பாருக்குள் பிழை. இந்தச் சதவீதம் முழு அளவைச் சார்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 200 பாரில் 1.5 பார் பிழை பொருட்டே இல்லை. 50 பாரில் அதே 1.5 பார் 3 சதவீதம் ஆகிவிடுகிறது. மலிவான மானிகளில் இந்தப் பிழை பல மடங்கு. நமக்கு மானி மிகவும் தேவைப்படும் இடமே கீழ்முனைதான் என்பதால் இது முக்கியம்.

இரண்டு உயர் அழுத்தத் துளைகள் உள்ள பழைய ரெகுலேட்டர் முதல் நிலை (சிலிண்டர் வால்வோடு சேரும் பகுதி) ஒன்றைச் சிலிண்டரில் மாட்டி, ஒரு துளையில் மூல மானியையும் மற்றதில் சோதிக்க வேண்டிய மானியையும் இணைத்தேன். இணைப்புகள் எல்லாம் 300 பாருக்கு மேல் தாங்கும் என்று முத்திரை உள்ளவை. கடையில் கிடைக்கும் தண்ணீர்க் குழாய் இணைப்புகளை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. 200 பார் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் ஏறக்குறைய 200 கிலோ எடை. வால்வைத் திறக்கும்போது மானியின் முகப்பைத் தரையை நோக்கித் திருப்பி, மெதுவாகத் திறந்தேன். நல்ல மானிகளின் பின்புறம் உள்ளழுத்தம் மிஞ்சினால் கழன்று விடுவிக்கும் அடைப்பான் இருக்கும். அது உப்பேறி இறுகியிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது.

நிரம்பிய சிலிண்டரிலிருந்து தொடங்கி, வாயில் வைத்துச் சுவாசிக்கும் பகுதியான இரண்டாம் நிலையின் பொத்தானை அழுத்திக் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, 200, 150, 100, 70, 50, 30, 10, 0 ஆகிய இடங்களில் நிறுத்திக் குறித்தேன். இறங்கும் திசையில் மட்டுமே குறித்தேன், கடலிலும் முள் அப்படித்தான் நகர்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சற்றுக் காத்திருக்க வேண்டும். உயர் அழுத்த ஹோஸ் முதல் நிலையோடு சேரும் முனையில் ஊசித்துளை அளவே வழி விட்டிருப்பார்கள். ஹோஸ் வெடித்தாலும் காற்று ஒரேயடியாகப் போய்விடாமல் மெதுவாகக் கசியட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதே துளைதான் முள்ளையும் சற்றுத் தாமதப்படுத்துகிறது.

என்னுடைய சொந்த மானி எல்லா இடங்களிலும் 3 பாருக்குள் ஒத்துப்போனது. இன்னொன்று மேல்முனையில் ஒழுங்காக இருந்து, கீழே வர வர அதிகம் காட்டியது: உண்மையில் 40 பார் இருக்கும்போது அது 50 என்றது. சுழியில் சரியாக நின்றதால் வெளிப்பார்வைக்கு அதில் குறை சொல்லவே முடியாது. எல்லா மானிகளிலும் என்னை அதிகம் கலங்க வைத்தது இதுதான். சுழியைப் பார்த்து மட்டும் மானியை நம்பினால் இது தப்பிவிடும்.

30-இல் நின்ற மானிக்கு வருகிறேன். 200 பாரில் 201 காட்டியது. 100-இல் 106. 50-இல் 62. அதற்குக் கீழே முள் மனம்போனபடி நகர்ந்தது. விரலால் மெல்லத் தட்டினால் 8 பார் சட்டென்று இறங்கியது. மறுமுறை தட்டாமலே இறங்கியது. மூன்றாவது முறை தட்டியும் அசையவில்லை. ஆக, கழித்துக்கொள்ள அதில் நிலையான எண் எதுவும் இல்லை. மாறாத பிழையைக் கணக்கில் சரிசெய்யலாம். ஒட்டிக்கொண்டு, விட்டு, மீண்டும் ஒட்டும் முள்ளுக்குக் கணக்கே கிடையாது. கம்ப்ரஸர்காரரை அழைத்துத் தட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு அவரே அந்த மானியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

இனிப் பயன்படாது என்று முடிவான பிறகு அதைத் திறந்தேன். அழுத்தமானியை வீட்டில் திறந்து பழுது பார்த்து மீண்டும் கடலுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. இது உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும். கண்ணாடி முகப்பை எடுத்ததும் காரணம் தெரிந்தது. சுருளின் மையத்தில், முள் அமர்ந்திருக்கும் அச்சைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அடித்தட்டில் உப்புத் துகள்கள். எப்போதோ கடல்நீர் நுழைந்து, காய்ந்து, வேலையைக் காட்டியிருக்கிறது. முகப்பின் உட்புறம் பனிபோல ஈரம் படிந்தால் அந்த மானியை அன்றே ஒதுக்கிவிட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதன் பொருள் அந்தக் களிம்பைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. நீர் புகுந்தவுடன் அளவு பெரிதாக மாறிவிடாது. அடைத்த கூட்டுக்குள் வழக்கமாக 1 பார் காற்று இருக்கும். நீர் புகுந்தால் சுற்றியுள்ள கடலின் அழுத்தம் சுருளை வெளியிலிருந்து அமுக்கும், 30 மீட்டரில் 3 பார் குறைத்துக் காட்டும், அவ்வளவே. கேடு அதற்குப் பிறகு, கருவி அலமாரியில் தூங்கும் வாரங்களில் நடக்கிறது.

ரப்பர் உறைகளையும் கழற்றினேன். மானியைப் பாதுகாக்கப் போட்ட உறைக்குள்தான் உப்பு அதிகம் சேர்ந்திருந்தது. ஹோஸ் முனைகளில் இருக்கும் ரப்பர்க் குழல்களும் அப்படித்தான், அவற்றை இழுத்துப் பார்த்தால் உள்ளே உலோகம் வெளுத்து அரிக்கத் தொடங்கியிருந்தது. நல்ல தண்ணீரில் அலசும்போது உறையைப் பின்னால் தள்ளிவிட்டு அலச வேண்டும்.

பழுது என்று உண்மையிலேயே செய்யக் கூடிய வேலை, மானியும் ஹோஸும் சேரும் சுழல் இணைப்பில் இருக்கிறது. நீருக்கடியில் இந்த இடத்திலிருந்து நூல் பிடித்தது போலக் குமிழிகள் வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சிலிண்டர் வால்வை மூடி, காற்றை முழுவதும் வெளியேற்றி, மூல மானியில் சுழி என்பதை உறுதி செய்த பிறகே இணைப்பில் கை வைக்க வேண்டும். இரண்டு ஸ்பேனர்கள் தேவை: ஒன்று மானியின் கழுத்தைப் பிடிக்க, மற்றது ஹோஸ் முனையைத் திருப்ப. ஒரு ஸ்பேனரோடு முயன்றால் முறுக்கு விசை மானிக்குள் இறங்கிச் சுருளைக் கெடுக்கும். கழற்றியதும் உள்ளே தீக்குச்சித் தடிமனில் ஒரு சிறிய உலோகத் தண்டு வெளிவரும், ஸ்பூல் என்பார்கள். அதன் இரு முனைகளிலும் கசிவைத் தடுக்கும் மிகச் சிறிய ரப்பர் வளையங்கள், அதாவது ஓ-ரிங்குகள், இரண்டு, பெரும்பாலும் 003 அளவு. மானியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இவைதான் அழுத்தத்தோடு தேய்கின்றன. மானியைத் திருகாமல், ஹோஸோடு சேர்த்துத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இவற்றின் ஆயுளைக் கூட்டும்.

பழைய ஓ-ரிங்கை எடுக்க இரும்பு ஊசி வேண்டாம், பித்தளை அல்லது பிளாஸ்டிக் கம்பி போதும். ஸ்பூலின் பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது ஓ-ரிங்கும் கசியும். ஒரு ஸ்பூலில் அரிப்புப் புள்ளிகள் தெரிந்தன, அதையே மாற்றிவிட்டேன். 90 கடினத்தன்மை கொண்ட உயர் அழுத்த ஓ-ரிங்குகளைத்தான் போட வேண்டும். சிலிக்கான் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்குப் போதும். நைட்ராக்ஸ் போன்று ஆக்சிஜன் கூடிய கலவை பயன்படுத்துபவர்கள் அதற்கென்று உள்ள கிரீஸை நாட வேண்டும். பூட்டிய பிறகு 200 பார் ஏற்றி, வாளி நீரில் முழுவதும் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் நீண்ட இடைவெளி விட்டு ஒரு குமிழி வந்தது. மீண்டும் கழற்றியபோது ஓ-ரிங்கில் ஒட்டியிருந்த நூலிழை கிடைத்தது.

இனி டிரான்ஸ்மிட்டர். முதல் நிலையின் உயர் அழுத்தத் துளையில் அமர்ந்து, மணிக்கட்டில் உள்ள கம்ப்யூட்டருக்கு அழுத்தத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் கருவி. கடல்நீர் உயர் அதிர்வெண் வானொலி அலைகளை விழுங்கிவிடும் என்பதால் இவை மிகக் குறைந்த அதிர்வெண்ணில் பேசுகின்றன. பரவலாகப் புழங்கும் ஒரு வகை 38 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. எட்டும் தொலைவு சுமார் ஒரு மீட்டர். மேடையில் இது மூல மானியோடு 2 பாருக்குள் ஒத்துப்போனது, கீழ்முனையிலும்கூட. துல்லியத்தில் இதற்குக் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. தொடர்பு அறுந்தால் சில கம்ப்யூட்டர்கள் கடைசியாகக் கிடைத்த எண்ணையே சற்று நேரம் காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு நேரம் அப்படிக் காட்டும், எந்தக் குறியோடு அதை அறிவிக்கும் என்பதைக் கரையிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரை அடுத்த அறைக்கு எடுத்துச் சென்று கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தால் போதும். கேமரா ஃபிளாஷும் நீருக்கடி ஸ்கூட்டரும் இந்தத் தொடர்பைக் குலைக்கலாம். இன்னொரு ஆபத்து மனிதக் கை. படகில் சிலிண்டரைத் தூக்குபவர்களுக்கு டிரான்ஸ்மிட்டர் நல்ல கைப்பிடியாகத் தெரிகிறது. நாங்கள் அதன்மீது சிவப்பு நாடா சுற்றி, படகுத் தம்பிகளிடம் காட்டிச் சொல்லிவிட்டோம். மின்கலம் மாற்றிய தேதியையும் அந்த நாடாவிலேயே எழுதினேன்.

அப்படியானால் இரண்டும் வேண்டுமா? மானி ஒன்று, டிரான்ஸ்மிட்டர் ஒன்று என்று மாட்டினால் கசியக்கூடிய இடங்களும் கூடுகின்றன. ஜியூஇ (GUE) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் வழியில் பயின்றவர்கள் ஒரே ஒரு எளிய பித்தளை மானி போதும் என்று நீண்ட காலமாக வாதாடி வருகிறார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். மானி செத்துவிட்டால் மேலே வந்துவிடலாம், அது உயிர் போகும் விஷயம் இல்லை. ஆனால் 40-ஐ 50 என்று சொன்ன அந்த மானியைத் தனியாக வைத்துக்கொண்டு எவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இரண்டாவது அளவு இருந்தால்தான் முரண்பாடு தெரியும். எது பொய் என்று நீருக்கடியில் தீர்ப்புச் சொல்லவும் தேவையில்லை. குறைவாகக் காட்டுவதை உண்மை என்று எடுத்துக்கொண்டு, உடன் இறங்கிய துணைவருக்குச் சைகை காட்டி, ஏறத் தொடங்கலாம். தலைக்கு மேல் திறந்த கடல் இருக்கும்வரை இந்த வழி இருக்கிறது. எனவே என் தேர்வு இரண்டும்தான்.

10 பார் பிழை பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 18 மீட்டர் ஆழத்தில் துணைவரின் காற்று தீர்ந்து, இருவரும் என் சிலிண்டரிலிருந்து சுவாசித்து ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர், சேர்ந்து 40. நிலைமையைச் சரிசெய்ய அடியில் 2 நிமிடம்: அழுத்தம் 2.8 பார், 224 லிட்டர். ஏற 2 நிமிடம், சராசரி 1.9 பார்: 152 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம், 1.5 பார்: 180 லிட்டர். மொத்தம் 556 லிட்டர், அதாவது சரியாக 50 பார். பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பாகும் என்பதையோ, கடைசி 10 பாரில் ரெகுலேட்டர் சரியாகக் காற்றுத் தராது என்பதையோ இதில் சேர்க்கவே இல்லை. இந்த 50-இல் 10 பார் பொய் என்றால் போவது 111 லிட்டர். அந்த நிறுத்தத்தின் பெரும்பகுதி அதோடு போய்விடும். 30 மீட்டரில் இதே கணக்கு 72 பாருக்கு வந்து நிற்கிறது. அந்த ஆழத்திலும் 50 பாரையே எல்லையாகச் சொல்லும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

மானி, டிரான்ஸ்மிட்டர் இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது சோதனை, முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே அது எங்கே இருக்க வேண்டும் என்று ஊகிப்பது. அமைதியாக நீந்தும்போது என் மூச்சு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 18 லிட்டர். 18 மீட்டரில் அது 50 லிட்டர், சிலிண்டரில் நிமிடத்துக்கு நாலரை பார். பத்து நிமிடத்தில் 45 பார் இறங்க வேண்டும். 20 மட்டுமே இறங்கியிருந்தால் மகிழ்ச்சி அடையாமல் சந்தேகப்பட வேண்டும். அதிகமாக இறங்கியதைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள்.

படகிலேயே செய்ய வேண்டிய இன்னொரு சோதனையையும் இதோடு சேர்க்கிறேன். முள்ளைப் பார்த்தபடி நாலைந்து முறை ஆழ்ந்து மூச்சு இழுக்க வேண்டும். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே சாய்ந்து மீண்டால் வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை. மேலே போதுமானதாகத் தெரியும் அந்தச் சிறு திறப்பு, ஆழத்தில் காற்று அடர்த்தியாகும்போது போதாமல் போகும். வெப்பத்தையும் மறக்கக் கூடாது. நிரப்பும்போது 60 டிகிரிக்குச் சூடான சிலிண்டர் 210 பார் காட்டினால், 28 டிகிரிக்குக் குளிர்ந்ததும் 190 பார்தான் காட்டும். அதற்கு மானியைக் குற்றம் சொல்ல முடியாது.

மானிக்கு முந்தைய தலைமுறையினர் ஜே-வால்வு என்ற சேமிப்பு வால்வை நம்பி இறங்கினார்கள். காற்று குறைந்து மூச்சு இழுப்பது கடினமானதும் பக்கத்தில் உள்ள கம்பியை இழுத்தால் ஒதுக்கி வைத்த கொஞ்சம் காற்று திறக்கும். அந்தக் கம்பி வழியில் எதிலாவது மாட்டி முன்பே கீழே இறங்கியிருந்தால், சேமிப்பு தீர்ந்தது யாருக்கும் தெரியாது.

இரட்டைச் சிலிண்டர் கட்டுபவர்களுக்கும் இதே வகை ஆபத்து உண்டு. மட்டக்களப்புக்கு வெளியே 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கும், 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட எச்எம்எஸ் ஹெர்மிஸ் போன்ற கப்பலுக்கு இறங்குபவர்கள் இரண்டு சிலிண்டர்களை ஒரு குறுக்குக் குழாயால் இணைத்துச் செல்வார்கள். நடுவில் உள்ள பிரிப்பு வால்வு தெரியாமல் மூடியிருந்தால், இடப்பக்கச் சிலிண்டரோடு இணைந்த மானி நிறைந்தே இருக்கும். வலப்பக்கத்திலிருந்து இழுக்கும் மூச்சு மட்டும் தீர்ந்துகொண்டே வரும். மானியில் எந்தப் பழுதும் இல்லை, அது காண்பது வேறு சிலிண்டரை. நகராத முள்தான் அங்கே எச்சரிக்கை. இறங்கும் முன் மூன்று வால்வுகளையும் துணைவர் கையால் தொட்டுச் சரிபார்ப்பதும், முதல் ஐந்து நிமிடத்தில் முள் அசைந்ததா என்று பார்ப்பதும் இதற்கு மருந்து.

இப்போது எங்கள் பெட்டியில் தேறிய மானிகளில் மட்டும் வெள்ளை நாடா ஒட்டி, 50 பாரில் அவை காட்டிய எண்ணையும் சோதித்த மாதத்தையும் எழுதியிருக்கிறேன். கழித்துவிட்ட இரண்டின் கழுத்தையும் இரும்பு ரம்பத்தால் அறுத்துவிட்டேன், யாரும் எடுத்து மீண்டும் மாட்டிவிடக் கூடாது. மூல மானி தனிப் பெட்டியில், அழுத்தம் இல்லாமல், உப்புக்காற்று படாமல் இருக்கிறது. சான்றிதழின் காலம் முடியும் முன் அதையும் மீண்டும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.